தரவுக் கிடங்கில் உயிர் நீக்கிய படலம்

திங்கட்கிழமை, காலை பத்து மணி ஏழு நிமிடம். நகராட்சியின் தரவுக் கிடங்கில் அந்த நேரத்தில் நானூற்றுப் பன்னிரண்டு காலங்கள் இருந்தன. அவை இன்னின்னவை என்று ஒன்றுவிடாமல் அறிந்தவர் ஒருவர்தான். அவர் பெயர் அகராதி.

பெற்றோர் வைத்த பெயர் வேறு. அது வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. எந்தக் காலத்துக்கு என்ன பொருள் என்று பதினெட்டு வருடமாக ஒரு நோட்டில் எழுதி வந்தார். முதலில் அந்த நோட்டுக்குத்தான் அகராதி என்று பெயர் வந்தது. யார் எதைத் தப்பாகச் சொன்னாலும் அதே இடத்தில் திருத்திவிடுவார் என்பதால் பெயர் நோட்டிலிருந்து ஆளுக்குத் தாவியது. இரண்டில் எதற்காகத் தன்னை அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று அவர் விசாரித்ததில்லை. வயது நாற்பத்தாறு.

காலம் என்றால் இங்கே கடிகாரத்தில் ஓடுவது அல்ல, ஆங்கிலக் காலம் (column). அட்டவணையில் மேலிருந்து கீழே இறங்கும் கட்டவரிசை. கிடங்கும் கிடங்கு அல்ல. நகராட்சியின் எல்லாப் பிரிவுகளும் எண்ணியதை, அளந்ததை, எண்ணாமலேயே எழுதியதை எல்லாம் ஒன்றாகக் கொட்டி வைக்கும் கணினி. ஆனால் கோப்பில் 'கிடங்கு' என்று வந்துவிட்டதால், தொடங்கிய ஆண்டிலேயே பொதுப்பணிப் பிரிவு ஒரு பெரிய பூட்டும் நான்கு எலிப்பொறிகளும் அனுப்பிவைத்தது. அகராதி கையெழுத்திட்டுப் பெற்றுக்கொண்டார். திருப்பி அனுப்பினால் எலி எங்கே போயிற்று என்று கேள்வி வரும்.

காலங்களுக்கு அந்தந்தப் பிரிவே பெயர் வைத்திருந்தது. தெருவிளக்குப் பிரிவில் ஒரு காலத்தின் பெயர் 'எரியுதா'. சுகாதாரப் பிரிவில் 'நாய்_கடைசியா_எண்ணினது'. வரிப் பிரிவில் 'விலாசம்_புதுசு' என்று ஒன்று, 'விலாசம்_புதுசு_சரியானது' என்று ஒன்று, 'விலாசம்_புதுசு_சரியானது_இதுதான்' என்று மூன்றாவது. மூன்றில் எது சரி என்று கேட்டால் அகராதி நோட்டைப் பார்க்காமலே சொல்வார்: "முதல் ஒண்ணு. மத்த ரெண்டும் கோபத்துல வெச்சது."

இப்படி ஒரு மாதிரியாக ஓடிக்கொண்டிருந்த கிடங்கைச் சீர்திருத்த வேண்டும் என்று ஆணையருக்குத் தோன்றியது ஒரு மாநாட்டில். பக்கத்து நாற்காலியில் இருந்த வேறு ஊர் ஆணையர் தம் கைபேசியைத் திறந்து, எங்கள் ஊர்க் காலப் பெயர் ஒவ்வொன்றும் ஆறே எழுத்து என்று காட்டினார். நம் ஆணையர் அன்று மதியம் சரியாகச் சாப்பிடவில்லை. திரும்பி வரும்போது ஓர் ஆலோசகரையும் அழைத்து வந்துவிட்டார்.

அந்தத் திங்கட்கிழமை பத்து ஏழுக்கு, ஆணையரும் அலுவலகக் கண்காணிப்பாளரும் அகராதியும் காத்திருந்த கூட்ட அறைக்குள் ஆலோசகர் வந்தார். சட்டைக்குக் காலர் இல்லை. ஷூவுக்குள் சாக்ஸ் இல்லை. கண்ணாடிக்கு பிரேம் இல்லை. தேவையில்லாததை எல்லாம் நீக்குவதே தம் தத்துவம் என்றார். பெயர் அட்டையை நீட்டினார். அதிலும் ஒன்றும் இல்லை. வெள்ளையாக இருந்தது.

"பேர்ல பாதி எழுத்து வீண் மேடம்," என்றார் அகராதியிடம். "உலகம் பூரா இப்ப உயிரெழுத்தை விட்டுட்டாங்க. நீங்களும் உயிரை எடுத்துப் பாருங்க. பேர் ஜம்முனு நிக்கும்."

"உயிரை எடுத்துட்டா எப்படி சார் நிக்கும்?"

"மெய் இருக்கும்ல?"

"உயிர் போன பின்னாடி மிஞ்சுற மெய்க்கு நாங்க வேற பேர் சொல்லுவோம் சார். சீக்கிரமா அப்புறப்படுத்துவோம்."

கண்காணிப்பாளர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு ஆணையர் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்து, சிரித்த வாயை அப்படியே இருமலாக மாற்றிக்கொண்டார். ஐம்பத்தேழு வயதில் அவர் கற்றிருந்த வித்தைகளில் அதுவே முதன்மையானது.

"உதாரணம் காட்டுங்க," என்றார் ஆணையர்.

ஆலோசகர் பலகையில் 'அம்மா' என்று எழுதினார். அகரத்தை அழித்தார். 'மா'வின் காலை வெட்டி, தலையில் புள்ளி வைத்தார். 'ம்ம்' என்று நின்றது.

"பார்த்தீங்களா? அழகு! சுருக்கம்!"

"மாமாவை எழுதுங்க," என்றார் அகராதி.

எழுதினார். வெட்டினார். 'ம்ம்'.

"மாமி?"

'ம்ம்'.

"சரி சார், இந்த முறை நல்லா இருக்கான்னு உங்களைக் கேட்டா, ஆமாம்னு எழுதுவீங்கள்ல? அதையும் எழுதுங்க."

'ஆமாம்' பலகையில் ஏறி, உயிர் நீங்கி, 'ம்ம்' ஆயிற்று.

ஆலோசகர் சளைக்கவில்லை. "இதுதான் ஒருங்கிணைப்பு மேடம். இவ்வளவு நாள் நாலு பேரா பிரிஞ்சு கிடந்தாங்க. இப்ப ஒரே குடும்பம்."

"ம்ம்," என்றார் ஆணையர். அது ஒப்புதலாகக் குறிப்பேட்டில் பதிவானது.

வியாழக்கிழமை 'பெயரிடல் நெறிமுறை' வெளியாயிற்று. அறுபத்து நான்கு பக்கம். சுருக்கத்தின் அவசியம் பற்றிய முன்னுரை மட்டும் இருபத்தொரு பக்கம். அதன் முக்கிய விதிகள் வருமாறு:

விதி ஒன்று: எண்ணிக்கை கூறும் அட்டவணைகள் யாவும் உண்மையைக் கூறுவன ஆதலின் 'மெய்' எனும் முன்னொட்டைத் தாங்கி நிற்கும்.

விதி நான்கு: பெயர்களில் உயிரொலி எவ்வடிவிலும் இடம்பெறலாகாது.

விதி ஒன்பது: ஒரே பெயருடையவை ஒன்றே எனக் கொள்ளப்பட்டு இணைக்கப்படும். இணையுங்கால் எண்கள் கூட்டப்படும். தேதிகள் மோதின் முந்தியது நிலைக்கும், பிந்தியது அழியும்.

விதி பதினொன்று: பெயர்கள் தம்மைத் தாமே விளக்கும் தன்மை பெற்றுவிட்டமையால் இனி அகராதி தேவையில்லை.

கடைசி விதியைப் படித்துவிட்டு அலுவலகமே அவர் மேஜைப் பக்கம் திரும்பிப் பார்த்தது. "நோட்டைச் சொல்றாங்க," என்றார் அகராதி. எல்லாருக்கும் கேட்கும்படியாகச் சொன்னார். ஆனாலும் இன்னொரு தரம் படித்துப் பார்த்தார். நோட்டு என்று அதில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை கிடங்கில் உயிர் நீக்கப்பட்டது. விதி ஒன்றின்படி வந்த 'மெய்', விதி நான்கின்படி 'ம்ய்' ஆயிற்று. நானூற்றுப் பன்னிரண்டு காலங்கள் இணைந்து குழைந்து முந்நூற்று எழுபத்தொன்றாக நின்றன. 'ஒரே நாளில் நாற்பத்தொரு காலம் மிச்சம்' என்று நகராட்சி செய்தி வெளியிட்டது. அதைப் படித்த பொதுமக்கள் வரிசையில் நிற்கும் நேரம் குறைந்துவிட்டது என்று நினைத்து வந்து, வழக்கத்தைவிட நீளமான வரிசையில் நின்றார்கள்.

பழைய கிடங்கின் நகல் ஒன்று எதற்கும் இருக்கட்டும் என்று பத்திரமாக எடுத்து வைக்கப்பட்டது. அதற்கும் நெறிமுறைப்படி சுருக்கமான பெயர் வைத்தார்கள். அன்றைக்குப் பிறகு அதை யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

பெயர்ப் பலகைகளும் மாறின. ஆணையரின் கதவில் 'ண்ய்ர்' என்று பித்தளையில் எழுதி மாட்டினார்கள். குட்டிப் பூனை கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது போல இருக்கிறது என்று தபால்காரர் சொன்னார். கண்காணிப்பாளரின் பலகையில் 'க்ண்க்ண்ப்ப்ள்ர்'. அதைப் படித்துக் காட்டும்படி அவர் யாரையும் கேட்கவில்லை.

முதல் வாரத்திலேயே சுகாதாரப் பிரிவிலிருந்து தொலைபேசி வந்தது.

"மேடம், ஊர்ல ந்ய் மூவாயிரத்து நூத்திப் பத்துன்னு காட்டுது."

"ம்ம்."

"இதுல எத்தனைக்குக் காய்ச்சல், எத்தனைக்கு வால்?"

நாயும் நோயும் இணைந்துவிட்டிருந்தன. அகராதி விதி ஒன்பதைப் படித்துக் காட்டினார். மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. அந்த வாரமே ஆஸ்துமாவுக்கு மருந்து வாங்கிவந்த ஐம்பத்திரண்டு பேருக்குக் கடிதம் போயிற்று: 'தங்கள் பெயரில் உள்ள ந்ய் குறித்த உரிமம் காலாவதியாகிவிட்டமையால், கழுத்துப்பட்டையுடன் நேரில் ஆஜராகவும்.' ஐம்பத்தொரு பேர் சண்டைக்கு வந்தார்கள். ஒருவர் கழுத்துப்பட்டை வாங்கி மாட்டிக்கொண்டே வந்தார். தபாலில் வந்ததை மதிக்கும் மனிதர். அவருக்கு உடனே உரிமம் கிடைத்தது. மற்றவர்கள் இன்னொரு நாள் வரச் சொல்லி அனுப்பப்பட்டார்கள்.

சாலையும் சிலையும் 'ச்ல்' ஆகியிருந்தன. பழுதான சாலை இருநூற்றுப் பதினான்கு, பழுதான சிலை மூன்று. ஆக மொத்தம் பழுதான ச்ல் இருநூற்றுப் பதினேழு. பொதுப்பணிப் பிரிவு நெறிமுறையைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியது. சிலை கழுவும் ஆட்கள் மெல்லிய தூரிகையோடும் சோப்புத் தண்ணீரோடும் இருநூற்றுப் பதினான்கு தெருக்களுக்குப் போய், குழிகளைச் சுற்றி மண்டியிட்டுத் துடைத்தார்கள். தெருக்காரர்களுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் குழிகளை வந்து பார்த்த முதல் அரசு ஊழியர்கள் அவர்கள்தாம். மூன்று சிலைகளுக்கும் முழங்கால்வரை தார் போடப்பட்டது.

புகார்கள் வந்தன. ஆனால் 'புகார்' என்ற காலம் ஏதோ ஒன்றோடு இணைந்து எங்கேயோ போய்விட்டிருந்ததால், நகராட்சியின் பதிவுகளின்படி புகார் எதுவும் வரவில்லை. புகாரே இல்லாத நகராட்சி என்று மார்ச் பன்னிரண்டு, புதன்கிழமை, ஆணையருக்கு மேலிடத்திலிருந்து ஒரு கேடயம் கொடுத்தார்கள்.

அதே புதன்கிழமை மாலை நாலு மணிக்குப் பணியாளர் பிரிவு எழுத்தர், அகராதியைவிடப் பத்து வயது சின்னவர், ஒரு பெரிய வாழ்த்து அட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வந்து நின்றார். முகம் வாடியிருந்தது.

"அக்கா, ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க."

"என்னத்தடி சொல்லல?"

"வெள்ளிக்கிழமையோட போறீங்களாமே."

"எங்க?"

"ஓய்வுலக்கா. சுவர்க்கடிகாரம்கூட வாங்கியாச்சு."

அகராதி முதலில் சிரித்தார். பிறகு எழுத்தரின் கையில் இருந்த தாளைப் பார்த்தார். அதில் தன் பதிவேட்டுப் பெயர். அதற்கு நேரே 'ப்ண்_ய்வ்_ந்ள்' என்ற காலம். அதில் மார்ச் பதினான்கு.

அவருக்கு மட்டும் அது என்னவென்று உடனே தெரிந்தது. வருடத்துக்கு ஒரு நாள், ஒவ்வோர் ஊழியரின் வேலையையும் இரண்டு பேர் வந்து சோதிப்பார்கள். அது பணி ஆய்வு நாள். அறுபது வயதில் வேலையைவிட்டுப் போவது பணி ஓய்வு நாள். உயிரை எடுத்துவிட்டால் இரண்டும் ஒன்று. முந்தியது நிலைக்கும், பிந்தியது அழியும். பதினான்கு வருடம் கழித்து வரவேண்டிய ஓய்வை, நாளை மறுநாள் வரவிருந்த ஆய்வு விழுங்கிவிட்டிருந்தது.

"இது ஆய்வுடி. ஓய்வு இல்ல."

"இங்க 'ய்வ்'னுதானேக்கா இருக்கு. முன்னாடி ஆவா ஓவான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு நாப்பத்தாறு வயசு! மூஞ்சியைப் பார்த்தாத் தெரியல?"

"மூஞ்சியைப் பார்த்து முடிவு பண்ணக்கூடாதுன்னு போன மாசம்தான் சுற்றறிக்கை வந்துச்சு. நானா ஓய்வு குடுக்கறேன்? கிடங்கு குடுக்குது."

"சரி, அந்த எழுத்தை மட்டும் திருப்பிப் போட என்ன வழி?"

எழுத்தர் இழுப்பறையைக் குடைந்து நெறிமுறையின் பின்னிணைப்பை எடுத்தார். "படிவம் ஏழு. உயிர் மீட்பு மனு. இதைப் பூர்த்தி பண்ணி, கூட உயிர்ச் சான்று இணைக்கணும்."

"உயிர்ச் சான்றுன்னா?"

"நீங்க உயிரோட இருக்கீங்கங்கறதுக்கு. ரெண்டாம் மாடியில குடுப்பாங்க."

இரண்டாம் மாடி ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "ஓய்வு பெற்றவங்களுக்கு மட்டும்தான் மேடம் உயிர்ச் சான்று. வேலையில இருக்கறவங்க உயிரோட இருக்காங்களான்னு நாங்க பார்க்கறதில்லை."

"நான் ஓய்வு பெறாம இருக்கத்தான் சார் இந்தச் சான்று கேக்கறேன்."

"அப்ப ஓய்வு பெற்றுட்டு வாங்க. திங்கட்கிழமை பத்து மணிக்கு வந்தா கூட்டம் இருக்காது."

அன்று வீட்டுக்குப் போனபோது அவர் கணவர் ஒரு கோட்டுக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தார். தையற்காரர். வாயில் எப்போதும் ஏழெட்டுக் குண்டூசி. அகராதி நடந்ததை எல்லாம் சொன்னார். கேட்டு முடித்துவிட்டு, ஊசிகளை எடுக்காமலே, "ந்ல்ல்த்," என்றார்.

"என்ன நல்லது? வீட்டுல உட்கார்ந்து நான் என்ன பண்றது?"

"ப்ட்ட்ன்."

"பட்டனா? உங்க பட்டன் டப்பாவையா? அதை எடுத்தேன்னா நிறம் வாரியா, ஓட்டை வாரியா பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் பேர் எழுதி ஒட்டிருவேன். பரவாயில்லையா?"

கணவர் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மெத்தையில் குத்தினார். திருமணமாகி இருபது வருடத்தில், அவர் ஒரு பேச்சுக்காக வாயைக் காலி செய்தது அது மூன்றாம் முறை.

"நாளைக்கே போய் உங்க சாரைப் பாரு," என்றார் தெளிவாக. "அழு. மயங்கி விழு. என்ன வேணா பண்ணு. என் டப்பாப் பக்கம் மட்டும் வராத."

மனைவி சிரிக்கிறார் என்றுதான் கணவர் நினைத்தார். அகராதி முகத்தைத் திருப்பிக்கொண்டு கோட்டின் உள்பக்கத் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கிடங்கில் எதற்கும் சரியான பெயர் இருந்ததில்லை. எது எது என்று சொல்ல அவர் இருந்தார். அவர் இல்லாவிட்டால் அது என்னவாகும் என்று நினைத்தார். அதைவிட, அது இல்லாவிட்டால் தான் யார் என்று நினைத்தபோது கொஞ்சம் பயமாக இருந்தது.

வியாழக்கிழமை காலை கண்காணிப்பாளரின் அறைக்குப் போனார்.

"விதின்னா விதிதான் அகராதி," என்றார் கண்காணிப்பாளர், மிகுந்த வருத்தத்தோடு. "எனக்கே மனசு கேக்கல. ஆனா பாருங்க, நல்ல கடிகாரம். ரெண்டு முள்ளும் இருக்கு."

"உங்க ய்வ் என்னைக்குன்னு பார்த்தீங்களா சார்?"

"எனக்கு ஓய்வுக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கு."

"ஓய்வைக் கேக்கல. ய்வ்."

அகராதி ஒரு தாளை மேஜைமேல் வைத்தார். கிடங்கிலிருந்து அந்த ஒரே காலத்தை மட்டும் அச்செடுத்திருந்தார். அறுநூற்று நாற்பது பெயர்கள், தேதி வரிசையில். முதல் பெயர் அகராதியுடையது, மார்ச் பதினான்கு. இரண்டாவது ஆணையர், மார்ச் பதினேழு. மூன்றாவது கண்காணிப்பாளர், மார்ச் பதினெட்டு. வருடத்துக்குள் அத்தனை பேருக்கும் ஆய்வு உண்டு. ஆகவே அத்தனை பேருக்கும் ஓய்வு. கடைசிப் பெயர் வாசல் காவலருடையது, டிசம்பர் முப்பத்தொன்று.

கண்காணிப்பாளர் தாளின் அடிவரை போய் மேலே வந்து, மறுபடியும் அடிக்குப் போனார்.

"அப்ப டிசம்பர் மாசக் கடைசியில..."

"அவர் ஒருத்தர்தான் சார் பாக்கி. அவரே ஆணையர், அவரே கண்காணிப்பாளர், அவரே கேட்டையும் பூட்டிக்கணும்."

"நல்ல மனுஷர்தான்," என்றார் கண்காணிப்பாளர் பலவீனமாக. பிறகு எழுந்து, தம் வயதுக்குப் பொருந்தாத வேகத்தில் 'ண்ய்ர்' என்ற கதவை நோக்கி ஓடினார்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு அவசரக் கூட்டம். ஆணையர், கண்காணிப்பாளர், ஆலோசகர், குறிப்பெடுக்க அகராதி. மேஜையின் நடுவே கேடயம். அதற்குப் பக்கத்தில், அட்டைப்பெட்டியைவிட்டு இன்னும் எடுக்காத சுவர்க்கடிகாரம்.

"திங்கட்கிழமை நான் வீட்டுக்குப் போகணுமா?" என்றார் ஆணையர். "முந்தாநாள்தான் எனக்குக் கேடயம் குடுத்தாங்க!"

"ஒரே ஒரு எழுத்து சார்," என்றார் அகராதி. "ஆய்வுக்கு ஒரு ஆ, ஓய்வுக்கு ஒரு ஓ. திருப்பிப் போட்டுட்டா எல்லாம் சரியாயிடும்."

"போட்டா, நெறிமுறை தப்புன்னு ஆயிடும். நெறிமுறை தப்புன்னா கேடயம் தப்பு. கேடயம் தப்புன்னா குடுத்தவங்க தப்பு. மேலிடத்தைத் தப்புன்னு சொல்லச் சொல்றீங்களா?"

எல்லாரும் ஆலோசகரைப் பார்த்தார்கள். அவருக்கு இந்தக் காலத்தில் தேதி எதுவும் கிடையாது. ஆகவே அவர் ஒருவர்தான் அமைதியாக இருந்தார்.

"பேர்ல தப்பே இல்ல சார்," என்றார். "பேர் சுத்தமா இருக்கு. உள்ள இருக்கற தேதிங்கதான் பிரச்சினை. தேவையில்லாததை நீக்கறதுதானே நம்ம தத்துவம்? தேதியை நீக்கிடுங்க."

"தேதியை நீக்கிட்டா ஆய்வு நடக்காதே," என்றார் கண்காணிப்பாளர்.

"ஆய்வு நடக்கணும்னு யாராவது கேட்டாங்களா?"

கண்காணிப்பாளர் யோசித்தார். முப்பத்திரண்டு வருடச் சேவையில் யாரும் கேட்டதாக அவருக்கு நினைவில்லை. ஆணையர் யோசித்தார். தம்மை யாரும் வந்து சோதிக்காத ஒரு மார்ச் மாதம் அவர் கண்முன் விரிந்தது. அது அழகாக இருந்தது.

பத்து மணிக்கு ஆணை தயாராயிற்று. அகராதிதான் எழுதினார்: 'நிர்வாக நலனைக் கருத்திற்கொண்டு, ப்ண்_ய்வ்_ந்ள் என்னும் காலத்தின்கண் உள்ள தேதிகள் அனைத்தும் இன்று முதல் நீக்கப்படுகின்றன. இனி எக்காரணம் பற்றியும் எத்தேதியும் அதன்கண் இடப்படலாகாது.' இரண்டாவது வாக்கியம் கண்காணிப்பாளர் சேர்த்தது. பிறகு எவனாவது வந்து மறுபடி ஆய்வு என்று கிளம்பிவிடக் கூடாதே என்று, மேலே அடிக்கோடும் கீழே அடிக்கோடும் போடச் சொன்னார்.

இரண்டாவது கோட்டைப் போட்டுக்கொண்டிருக்கும்போது அகராதியின் பேனா நின்றது.

"சார்..."

"இன்னும் என்னம்மா?" என்றார் ஆணையர். "உங்க வேலை தப்பிச்சாச்சு. எங்க வேலையும் தப்பிச்சாச்சு. இதுலயும் திருத்தமா?"

எது தப்பாக இருந்தாலும் அதே இடத்தில் சொல்லிவிடும் அகராதி, பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக யோசித்தார். தனக்கு ஓய்வுக்கு இன்னும் பதினான்கு வருடம் இருக்கிறது. அதற்குள் யாராவது ஒருவர் கவனிக்காமலா போய்விடுவார்கள்? இப்போது வாயைத் திறந்தால் பத்து நிமிடத்தில் வேறு ஆணை வரும். அதில் தன் பெயர் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

"ஒண்ணுமில்ல சார்," என்றார். கோட்டைப் போட்டு முடித்தார்.

செய்தி கீழ்த்தளத்துக்குப் போவதற்குள் கைதட்டல் கேட்டது. இனி யாருக்கும் ஆய்வு கிடையாது! பணியாளர் பிரிவு எழுத்தர் ஓடி வந்து அகராதியைக் கட்டிக்கொண்டார். வாழ்த்து அட்டையில் 'பிரியாவிடை' என்பதை அடித்துவிட்டு 'வருக' என்று எழுதினார்கள். வாசல் காவலர் மட்டும் கொஞ்சம் ஏமாற்றமாகத் தெரிந்தார். அவருக்கு யாரோ டிசம்பர் பற்றிச் சொல்லியிருந்தார்கள். அன்று மாலை தையற்காரர் பட்டன் டப்பாவை அலமாரியின் மேல்தட்டிலிருந்து இறக்கி, பழைய இடத்தில் வைத்தார்.

ஆலோசகர் அடுத்த வாரம் வேறோர் ஊருக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே உயிரை வைத்துக்கொண்டு மெய்யை நீக்கப் போவதாகவும், அதுதான் அடுத்த ஆண்டு எல்லா நகராட்சிகளிலும் வரப்போவதாகவும் பேச்சு.

பதினேழு ஆண்டுகள் கழித்து, மார்ச் நான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, அறுபத்து மூன்று வயதான அகராதியின் பணி ஓய்வு விண்ணப்பம் மூன்றாம் முறையாகத் திருப்பி அனுப்பப்பட்டது. காரணம்: உரிய காலத்தில் தேதி இல்லை. கடிதத்தில் கையெழுத்திட்டிருந்தவர் கண்காணிப்பாளர். அவருக்கு வயது எழுபத்து நான்கு. அவருடைய விண்ணப்பம் அதற்கு முந்தைய நாள், பதினான்காம் முறையாக, ஆணையரிடமிருந்து திரும்பி வந்திருந்தது.